385-ஆ, 17-ஆ? கோடியக்கரை கணக்குத் தகராறு

கடைமடையான்:
"காவிரி டெல்டாவுல 385 சதுர கி.மீ. பாதுகாக்கப்பட்ட பகுதி இருக்கு, வாழிடமெல்லாம் பத்திரம்"னு சதுப்புநிலவன் எழுதினதை எல்லாரும் பகிர்ந்துக்கிட்டு இருக்காங்க. 385 என்பது 2002-ல ராம்சர் பட்டியலுக்கு, அதாவது உலக முக்கியத்துவ ஈரநிலப் பட்டியலுக்குக் கொடுத்த கோடியக்கரைப் பரப்பு. 1967-ல கோடியக்கரையைச் சரணாலயமா அறிவிச்சப்போ 17.26 தான். பட்டம் வேற, பட்டா வேற சார்.

சதுப்புநிலவன்:
385 தான். ராம்சர் தளத்துக்கு 2017 ஈரநில விதிகள் பொருந்தும். அதுக்கு முன்னாடி, 1988-லயே வேதாரண்யம் சதுப்பு, முத்துப்பேட்டை, தலைஞாயிறு காடு எல்லாம் சேர்த்து 377-ன்னு விரிவாக்கினாங்க. 17-லயே நிக்கிறவங்களுக்கு இது தெரியாது போல.

கடைமடையான்:
விரிவாக்கினாங்களா, விரிவாக்கப் போறதா சொன்னாங்களா? வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல 18-ஆம் பிரிவுல எண்ணம் தெரிவிக்கிறதுக்கும் 26ஏ-ல இறுதியா அறிவிக்கிறதுக்கும் நடுவுல கலெக்டர் விசாரணை இருக்கு. மக்களோட உரிமை தீராம அந்த 377 சதுர கி.மீ. அறிவிப்பு வருஷக்கணக்கா இழுத்துச்சு.

புதுமுகம்_மன்னார்குடி:
"பாதுகாக்கப்பட்ட"ன்னா எதுன்னு முதல்ல முடிவு பண்ணிட்டுப் பேசலாமே?

சதுப்புநிலவன்:
385.

கடைமடையான்:
சரி, 385-ன்னே வச்சுக்குவோம். உள்ள வாழிடம் நல்லா இருக்கான்னு எப்படிப் பார்ப்பீங்க? செயற்கைக்கோள் படத்துல பச்சை கூடியிருக்குன்னு காட்டுவீங்க. அந்தப் பச்சையில பெரும்பங்கு சீமைக் கருவேலம். கோடியக்கரை வெளிமானுக்கு (புல்வாய்) திறந்த புல்வெளி வேணும். தூரத்துல வர்றது கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் அது நிம்மதியா மேயும். பச்சை கூடக்கூட மானுக்கு இடம் குறையுது. பரப்பை மொத்தமாக் கூட்டாம, புல்வெளி, உலர் பசுமைமாறாக் காடு, சேற்றுத்திட்டு, அலையாத்தின்னு தனித்தனியா அளக்கணும். உள்ள இருக்கிற மாதிரியே மண்ணும் உப்பும் உள்ள, எல்லைக்கு வெளியில இருக்கிற இடத்தோட ஒப்பிடணும்.

கருவேலத்தை வெட்டுறதும் லேசில்ல. அடிக்கட்டையை விட்டு வெட்டினா கட்டையிலிருந்து நாலஞ்சு கிளை தழைக்கும். ஜேசிபி வச்சு வேரோட பிடுங்கினா மண் கிளறி, கிடந்த விதையெல்லாம் ஐப்பசி மழைக்கு முளைச்சு வரும். மாடு காயைத் தின்னு சாணியில வேற பரப்புது. அதனால மழை முடிஞ்சதும் நாத்தா இருக்கும்போதே கையால பிடுங்கணும், அதுவும் வருஷாவருஷம். ஒரு வருஷம் விட்டா மறுபடி முதல்லேர்ந்துதான்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் அப்படித்தான். கூப்பு முறையில, காட்டைப் பகுதி பகுதியாப் பிரிச்சு மொத்தமா வெட்டினதுல வெயில் பட்டு மண் உள்வாங்கித் தொட்டி மாதிரி ஆச்சு. கடல் ஓதத் தண்ணி தேங்கி, வத்தி, உப்பு ஏறிச்சு. பிரதான வாய்க்காலுக்கு ரெண்டு பக்கமும் 45 டிகிரியில கிளை வாய்க்கால் வெட்டி, மீன்முள் மாதிரி, தண்ணி வந்துபோக விட்ட பிறகுதான் அலையாத்தி பிடிச்சுது. தூர் வாராம விட்டா வாய்க்கால் மேடாயிடும். எந்த அரசாணையும் தூர் வாராது.

வடுவூர்_நாரை:
எல்லாம் கோடியக்கரைதானா? வடுவூர் ஏரி 112 எக்டேர், உதயமார்த்தாண்டபுரம் 43 எக்டேர், ரெண்டு பறவைகள் சரணாலயமும் 2022-ல ராம்சர் ஆச்சு. ஏரிக்குத் தண்ணி மேட்டூர் திறந்து வாய்க்கால்ல வந்தாத்தான். மதகு நீர்வளத் துறை கையில, பறவை மட்டும் வனத்துறைக்கு. நத்தைகுத்தி நாரை இரை தேடுறது வெளியில நெல் வயல்ல. அங்க மருந்தடிச்சா உள்ள கூட்டைக் காத்து என்ன பண்றது?

சதுப்புநிலவன்:
அதுக்குத்தான் 2020-ல டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துச்சே. அதையும் சேர்த்தா 385 எல்லாம் சும்மா.

கடைமடையான்:
ஆஹா! எண்ணெய்க் கிணறு, புது ஆலை மாதிரித் தொழில் வராம இருக்கப் போட்ட சட்டத்தையும் சரணாலயக் கணக்குல சேர்த்தாச்சு. உளுந்து வயல்ல எத்தனை வெளிமான்னு எண்ணிட்டு வாங்க.

சதுப்புநிலவன்:
போன தடவை பூநாரை எண்ணிக்கையில என்னைக் கேலி பண்ணினது மறக்கல.

கடைமடையான்:
ஓதம் ஏறும்போது ஒரு உப்பளத்துல எண்ணி, வடிஞ்சதும் அதே கூட்டத்தை அடுத்த திட்டுல எண்ணினா கேலி பண்ணாம? ரெண்டு குழு ஒரே நேரத்துல நின்னு எண்ணணும்.

வேதாரண்யத்துக்காரன்:
காட்டுக்குதிரையைப் பத்தி யாரும் பேசலியே. வெளிமான் புல்லை அதுவும் மேயுது, பிடிச்சு வெளியேத்தணும்.

வடுவூர்_நாரை:
குதிரையைத் தொட்டா ஊரே வரும், பார்த்துக்குங்க.

வேதாரண்யத்துக்காரன்:
எந்த ஊர்? உங்க ஊரா, எங்க ஊரா?

சதுப்புநிலவன்:
குதிரை இருக்கட்டும். 385.

கடைமடையான்:
17.26.