மறு: அரசியல் விமர்சகருக்கு வேறு சொல் – ‘நடப்புரைஞர்’

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். ஒலிபரப்பாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் ‘political commentator’ என்பதற்கு ஆளுக்கொரு சொல் புழங்குகிறது, ஒன்றை முடிவு செய்வோம் என்று தொடங்கிய இந்த இழையில் விமர்சகர், நோக்கர், வர்ணனையாளர், கருத்துரையாளர் என நான்கு சொற்கள் வந்துவிட்டன. நான் ஐந்தாவதாக ஒன்றை வைக்கிறேன்: நடப்புரைஞர். நடப்பு விவகாரங்களைப் பற்றித் தன் சொந்தக் கருத்தை வானொலி, தொலைக்காட்சி, வலையொலி (podcast), நாளிதழ்ப் பத்தி என ஏதாவது ஒன்றில் தொடர்ந்து சொல்லிவருபவர். அவர் சொல்வது நடப்புரை.

சிங்கப்பூரில் இந்தத் துறைக்காரர்களின் பாதை நேர்கோடாக இருப்பதில்லை. ஒருவர் வானொலிப் படைப்பாளராகத் தொடங்கி, செய்தி வாசித்து, பிறகு விவாத நிகழ்ச்சியில் நெறியாளராகிறார். சில ஆண்டுகள் கழித்து அதே ஆள் விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்து, “என்னைக் கேட்டால்...” என்று ஆரம்பிக்கிறார். முகம் ஒன்றுதான், கடமை வேறு. நெறியாளர் தன் கருத்தை அடக்கிக்கொண்டு மற்றவர்களைப் பேச வைக்க வேண்டும். அடுத்த நாற்காலிக்குப் போனதும் தன் கருத்தைச் சொல்வதுதான் வேலை. வாழ்க்கைக் குறிப்பு படிப்பவருக்கு அவர் எந்தக் காலத்தில் எந்த நாற்காலியில் இருந்தார் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். எனக்கு இதுதான் முக்கியம்.

எஸ். ராஜரத்தினத்தை வைத்துச் சோதித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போய், பட்டம் வாங்காமல் பத்திரிகையாளராகத் திரும்பினார். ‘சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில், மனம்போல் எழுதுகிறேன் என்ற பொருள் தரும் தலைப்பில் பத்தி எழுதினார். 1954இல் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1957இல், ஒரு தேசம் எப்படி உருவாகிறது என்பதை வானொலி நாடகமாகவே எழுதினார். 1959இல் கலாசார அமைச்சர். ஒலிபரப்பு அந்த அமைச்சின் கீழ்தான் இருந்தது. 1963 பிப்ரவரி 15 அன்று இங்கே தொலைக்காட்சியைத் தொடங்கிவைத்தவரும் அவரே. 1965இல் முதல் வெளியுறவு அமைச்சர். மறு ஆண்டு தேசியப் பற்றுறுதியை, அதாவது சிங்கப்பூரர் சொல்லும் உறுதிமொழியை வரைந்தார்.

இவருடைய 1950களை ‘அரசியல் விமர்சகர்’ என்று எழுதினால் பொருந்துகிறதா? விமர்சகர் என்றதும் வெளியே நின்று குறை நிறை சொல்பவர்தான் நம் மனதில் வருகிறார். ராஜரத்தினம் வெளியே நிற்கவில்லை. கட்சி தொடங்கியவர், ஒரு பக்கம் சாய்ந்தே எழுதினார், அதை மறைக்கவும் இல்லை. ‘நோக்கர்’ இன்னும் தள்ளிப் போகிறது. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர் ஆகிவிடுகிறார். ‘நடப்புரைஞர்’ சார்புள்ளவருக்கும் சார்பில்லாதவருக்கும் பொருந்தும். சார்பு எது என்பதைக் குறிப்பின் அடுத்த வரி சொல்லட்டும்.

இன்னொருவர் விஸ்வா சதாசிவன். தொலைக்காட்சியில் நடப்பு விவகார நிகழ்ச்சிகளை நடத்தியவர், 2009இல் நியமன (தேர்தலில் நிற்காமல் நியமிக்கப்படும்) நாடாளுமன்ற உறுப்பினரானார். அந்த ஆகஸ்டில், கொள்கைகளை விவாதிக்கும்போது பற்றுறுதியின் கோட்பாடுகளை நாடாளுமன்றம் மீண்டும் உறுதிப்படுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். மறுநாள், முதல் பிரதமராக இருந்து அப்போது மதியுரை அமைச்சராக (Minister Mentor) இருந்த லீ குவான் யூ தம் 85 வயதில் எழுந்து மறுத்தார். அரசமைப்புச் சட்டத்தில் மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை பற்றிய 152ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி, சமத்துவம் இன்னும் எட்டாத இலக்கு என்றார். ஒலிபரப்போடு தொடர்புள்ள ஒருவர் வரைந்த வாசகத்தை, திரையிலிருந்து வந்த இன்னொருவர் 43 ஆண்டுகள் கழித்து அவையில் எடுத்து வைத்திருக்கிறார். இந்தக் குறிப்பை எழுதும்போது நெறியாளராக இருந்த காலமும், தன் பெயரில் கருத்துச் சொன்ன காலமும், உறுப்பினர் பதவியும் தனித்தனியே நிற்க வேண்டும். ‘ஊடகப் பிரமுகர்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் அந்தத் தீர்மானத்தின் கனமே போய்விடும்.

மற்ற இரண்டு சொற்கள். வர்ணனையாளர் வேண்டவே வேண்டாம். வர்ணனை என்றால் பந்து எங்கே போகிறது என்று கண்முன் நடப்பதைச் சொல்வது. அதை விளையாட்டுக்கே விட்டுவிடுவோம். கருத்துரையாளர் நல்ல சொல், நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் வலைப்பதிவுகள் வந்தபிறகு ‘கருத்துரை’ என்றால் பதிவின் அடியில் வாசகர் எழுதும் இரண்டு வரிதான் நினைவுக்கு வருகிறது. நீளமும் சிக்கல். தேர்தல் இரவில் திரையின் அடியில் ஓடும் பட்டையை நினைத்துப் பாருங்கள்: தொகுதிப் பெயர், மாதிரி வாக்கு எண்ணிக்கை, பேசுபவரின் பெயர், அதன்கீழ் அவர் யார் என்பது. ‘அரசியல் கருத்துரையாளர்’ 13 எழுத்து, ‘நடப்புரைஞர்’ ஏழு.

சரி, உரைத்தல் என்றால் வெறுமனே சொல்லுதல்தானே, செய்தி வாசிப்பாளரும் நடப்பைத்தானே உரைக்கிறார் என்று நம் குழுவின் அக்கா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் தமிழில் உரை என்பதற்கு விளக்கம் என்ற பொருளும் பழையதுதான். பரிமேலழகர் குறளை ஒப்பித்தவர் அல்லர், உரை கண்டவர். தனக்கு முன்னால் சொன்னவர்களை மறுத்தும் எழுதியவர். நடப்புரைஞரிடம் நாம் எதிர்பார்ப்பதும் அந்த வேலைதான். சொல்லமைப்பும் புதிதல்ல, வழக்கு + உரைஞர் போலத்தான்.

புதுச்சொல் இங்கே எடுபடாது என்ற கவலையும் வேண்டாம். குழுத்தொகுதி (பலர் ஓர் அணியாகப் போட்டியிடும் தொகுதி), தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் (தோற்றாலும் அவையில் இடம்பெறும் எதிர்க்கட்சிக்காரர்) எல்லாம் இந்த ஊர் அரசியலுக்காகவே உருவானவை. ஒலி 96.8 வானொலியிலும் ‘தமிழ் முரசு’ நாளிதழிலும் திரும்பத் திரும்ப வந்ததால் இன்று காப்பிக் கடையில்கூடத் தடுமாறாமல் சொல்கிறார்கள். மேலே நான் எழுதிய ‘மதியுரை அமைச்சர்’ என்ற பதவிப் பெயரும் அப்படித்தான் நிலைத்தது. அதை முதலில் தமிழில் எழுதியவருக்கு நான் மனதார நன்றி சொல்வேன், அவ்வளவு அழகான சொல்.

ஒரு வரம்பு மட்டும் வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு தரவை வைத்துப் பேசுபவர் ஆய்வாளராகவே இருக்கட்டும். அவரே வாரந்தோறும் பத்தி எழுதினால் அந்த வேலைக்கு மட்டும் நடப்புரைஞர் என்று போடலாம்.

ஆட்சேபம் உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு, அதை வைத்து ஒரு செய்தி வாக்கியமும் எழுதி அனுப்புங்கள். வாய்விட்டுப் படித்துப் பார்த்துத்தான் நம் சொற்பட்டியலில் ஏற்ற வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சிக்கு ‘இணை நெறியாளர்’ போதும் என்று நினைக்கிறேன். அதையும் இதே இழையில் முடித்துவிடலாம்.