வாஷிங் மெஷின் கதவு திறக்கவில்லை, துணி உள்ளே மாட்டிக்கொண்டது. உதவி தேவை

கேள்வி (செங்காங்):
வணக்கம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின். துவைத்து முடித்ததும் ஸ்பின் ஆகாமலேயே நின்றுவிட்டது. பூட்டு விளக்கு எரிகிறது, கதவு அசையவே இல்லை. மகனின் பள்ளிச் சீருடை உள்ளே இருக்கிறது, நாளைக்குக் கட்டாயம் வேண்டும். கைப்பிடியைப் பலமாக இழுக்கலாமா?

பதில் (ஈசூன்):
இழுக்காதீர்கள் தம்பி! கைப்பிடி உடைந்தால் துணியும் வராது, செலவும் கூடும். பல மெஷின்களில் பூட்டுக்குள் ஒரு சின்ன ஹீட்டரும், சூட்டில் வளையும் உலோகத் தகடும் இருக்கும். தகடு ஆறினால்தான் பூட்டு விடும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். கண்ணாடி வழியாகத் தண்ணீர் தெரிகிறதா?

கேட்டவர்:
தெரிகிறது அக்கா, கால்வாசிக்கு நிற்கிறது. பொறுத்தும் பார்த்துவிட்டேன், திறக்கவில்லை.

பதில் (உட்லண்ட்ஸ், மெஷின் பழுது பார்ப்பவன்):
அப்படியென்றால் பூட்டில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை கதவு திறக்கக் கூடாது என்றுதான் மெஷினைச் செய்திருக்கிறார்கள். தண்ணீர் ஏன் போகவில்லை என்று பாருங்கள்.

பிளக் கழற்றியே இருக்கட்டும். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் நன்றாக ஆறவிடுங்கள். முன்பக்கம் கீழ் மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும், பெரும்பாலும் வலது பக்கம். அதற்குள் மெல்லிய குழாய் இருந்தால் அதன் அடைப்பானைக் கழற்றி முதலில் அதன் வழியே வடியுங்கள். குழாய் இல்லையென்றால் அங்கே இருக்கும் ஃபில்டரை (குப்பை பிடிக்கும் வடிகட்டி) இடப்பக்கமாகக் கொஞ்சமாகத் திருகி, தட்டு நிறைந்ததும் மூடி, கொட்டிவிட்டு மறுபடி திறங்கள். வாளி அடியில் நுழையாது, தட்டையான தட்டுதான் சரி. தண்ணீர் வருவது நின்றபின் ஃபில்டரை முழுதாக வெளியே எடுங்கள். உள்ளே பம்பின் சின்ன விசிறி தெரியும், அது சுற்றுகிறதா என்று குச்சியால் தள்ளிப் பாருங்கள். ஹேர்பின், சில்லறைக் காசு, சேலை ஊக்கு எல்லாம் அங்கேதான் போய் உட்காரும். பின்னால் வடிகுழாய் சுவரோடு நசுங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

சில மெஷின்களில் அதே மூடிக்குள் அவசரத்துக்குக் கதவைத் திறக்கும் பட்டை ஒன்று உண்டு. தண்ணீர் வடிந்தபிறகு மட்டும் இழுங்கள், முன்பே இழுத்தால் வீடெல்லாம் வெள்ளம்.

பதில் (ஜூரோங்):
சைல்டு லாக் (குழந்தைகள் அழுத்தாமலிருக்கப் பட்டன்களைப் பூட்டும் வசதி) விளக்கு எரிந்தால் அந்த லாக்கையும் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் பெரும்பாலான பட்டன்கள் வேலை செய்யாது.

கேட்டவர்:
திறந்துவிட்டது! ஃபில்டரில் 20 காசு ஒன்று, இரண்டு ஊக்கு, அதைச் சுற்றிக் கெட்டியாக நூல்பஞ்சு. பட்டையை இழுத்ததும் டக்கென்று திறந்தது. சீருடை கையில் வந்துவிட்டது, மிக்க நன்றி அண்ணா. ஆனால் ஃபில்டரை மூடியபின் லேசாகச் சொட்டுகிறது.

பதில் (உட்லண்ட்ஸ்):
ரப்பர் வளையத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். துடைத்துவிட்டு, மரை நேராக விழுந்ததா என்று பார்த்து இறுக்குங்கள். அப்புறம் துணி இல்லாமல் ஸ்பின் மட்டும் ஓடவிடுங்கள். தண்ணீர் சுத்தமாகப் போயும் பூட்டு விடவில்லையென்றால்தான் பூட்டை மாற்ற ஆளைக் கூப்பிட வேண்டும்.