ஏ.ஏ. கூட்டத்தை எப்படிக் கண்டறிவது? முதன்முறை செல்பவர் எதை எதிர்பார்க்கலாம்?

கேள்வி: சிற்றூர் வாசகி

வணக்கம். என் அண்ணன் குடிநோய்க்காக மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று, சென்ற வாரம் வீடு திரும்பினார். குடியை நிறுத்த விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டங்களுக்குத் தொடர்ந்து செல்ல வேண்டும் என்று மருத்துவர் வலியுறுத்தினார். எங்கே, எப்போது என்ற விவரம் கிடைக்கவில்லை. விசாரித்ததில் பக்கத்து நகரத்துத் தேவாலய வளாகம் ஒன்றைச் சொன்னார்கள். மதம் மாறச் சொல்வார்களோ என்று அம்மா அஞ்சுகிறார். தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவாரோ என்று அண்ணன் தயங்குகிறார். பெயரைப் பதிவு செய்வார்களா, கட்டணம் உண்டா, நானும் உடன் செல்லலாமா என்பதைத் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில்: குழு உறுப்பினர், திருச்சி

சகோதரி, முதலில் அம்மாவின் அச்சத்துக்குப் பதில் சொல்கிறேன். மாலையில் காலியாக இருக்கும் அறையைத் தேவாலயமோ பள்ளிக்கூடமோ தருகிறது. குழு அதற்குச் சிறு வாடகை கொடுக்கிறது. தொடர்பு அவ்வளவுதான். எந்த மதத்தையும் கட்சியையும் சாராதிருப்பது ஏ.ஏ.வின் அடிப்படைக் கொள்கை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்துள்ள வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருவது உண்மைதான். ஆயினும் அவரவர் புரிந்துகொண்ட வகையிலான கடவுள் என்றே அங்கு எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் குழுவில் முருக பக்தரும், தொழுகை தவறாதவரும், கடவுள் மறுப்பாளரும் ஒரே வரிசையில் அமர்கிறோம்.

பதிவேடும் கட்டணமும் கிடையாது. வாடகைக்கும் தேநீருக்கும் உறுப்பினர்கள் இயன்றதைப் போடுவார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. அண்ணன் தாம் விரும்பும் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம், பேசாமல் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். அங்கே தெரிந்தவரைப் பார்க்க நேர்ந்தால், அவரும் பெரும்பாலும் இதே நோயோடு வந்தவராகவே இருப்பார்.

ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் உள்ளது. அதன் இணையதளத்தில் ஊர்வாரியான தொடர்பு விவரங்களைத் தேடலாம். ஆனால் குழுக்கள் இடமும் நேரமும் மாற்றிக்கொள்வதுண்டு என்பதால், கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டால், யாராவது ஒருவர் பேருந்து நிலையத்துக்கே வந்து அழைத்துப்போகவும் கூடும். அந்த அழைப்பை நீங்கள் செய்யாமல் அண்ணனையே செய்யச் சொல்லுங்கள். 1935 மே மாதத்தில், குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்த பில் என்பவர், அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்து விடுதி ஒன்றில் மீண்டும் குடித்துவிடுவோமோ என்ற தவிப்போடு நின்றபோது, மதுக்கூடத்துக்குள் நுழையாமல் தேவாலயங்களுக்குத் தொலைபேசி செய்து, தாம் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று விசாரித்தார். அவ்வாறு கிடைத்தவர் மருத்துவர் பாப். அவ்விருவரின் உரையாடலிலிருந்தே இந்த இயக்கம் பிறந்தது. மறுமுனையில் பேசுபவருக்கும் அந்த அழைப்பு தேவைப்படுகிறது என்பதை அண்ணன் அறிந்தால் அவருடைய தயக்கம் பாதி குறையும் என்று நம்புகிறேன்.

முதல் கூட்டம் மனத்துக்கு ஒட்டாவிட்டால் வேறு குழுவுக்குச் சென்று பார்க்கட்டும். குழுவுக்குக் குழு பேச்சும் சூழலும் பெரிதும் வேறுபடும்.

பதில்: மருத்துவமனைச் சமூகப் பணியாளர்

உடன் செல்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திறந்த கூட்டம் என்றால் குடும்பத்தினரும் அமரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டுமே உரியது. தொலைபேசியிலேயே எது என்று கேட்டுவிடுங்கள். நேரில் செல்ல இயலாத நாட்களில் இணையவழிக் கூட்டங்கள் உதவும். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் போதை மீட்பு உதவி எண் 14446 கட்டணமில்லாதது. அருகிலுள்ள சிகிச்சை மையங்களைப் பற்றி அங்கு கேட்கலாம்.

கூட்டங்களுக்குச் செல்வதால் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். இது வெறும் ஆறுதல் பேச்சுதானே என்று வீட்டில் எவரேனும் சொன்னால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பைச் சுட்டுங்கள்: 27 ஆய்வுகளை ஆராய்ந்த அது, குடியை முற்றிலும் விட்டிருப்பதற்கு ஏ.ஏ.வும் அதை நோக்கி நெறிப்படுத்தும் சிகிச்சைகளும் பிற உளவியல் சிகிச்சைகளுக்கு நிகராகவோ மேலாகவோ உதவுவதாகக் கண்டது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு அண்ணன் மீண்டும் குடித்துவிட்டார். இனி எந்த முகத்தோடு அங்கே போவது என்கிறார். இந்த நிலையில் ஏற்றுக்கொள்வார்களா?

பதில்: குழு உறுப்பினர், திருச்சி

கட்டாயம் ஏற்றுக்கொள்வார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. நிறுத்தியிருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. இடையில் குடித்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் எல்லாக் குழுக்களிலும் இருக்கிறார்கள். அவர்களுள் சிலரே இன்று புதியவர்களுக்கு ஸ்பான்சராக, அதாவது வழித்துணையாக, நிற்கிறார்கள்.

பதில்: மருத்துவமனைச் சமூகப் பணியாளர்

ஓர் எச்சரிக்கை. தொடர்ந்து சில நாட்கள் அதிகமாகக் குடிக்க நேர்ந்துவிட்டால், வீட்டிலேயே திடீரென்று நிறுத்தச் செய்யாதீர்கள். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். அதையடுத்து மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் தோன்றினால் அது உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பதில்: ஒரு மனைவி, மதுரை

தங்கையே, உங்களைப் பற்றி ஒரு சொல்கூட நீங்கள் எழுதவில்லை. குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காகவே ஆல்-அனான் என்ற அமைப்பு 1951 முதல் இருக்கிறது. பில்லின் மனைவி லோயிஸ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். அண்ணன் ஏ.ஏ.வுக்குச் சென்றாலும் செல்லாவிட்டாலும் நீங்களும் அம்மாவும் அங்கே செல்லலாம். என் கணவர் குடியை நிறுத்துவதற்கு வெகு முன்பே நான் சென்றேன். இரவு முழுவதும் வாசலில் காத்திருப்பதை அங்கேதான் விட்டேன். ஏ.ஏ. தொடர்பாளரிடமே ஆல்-அனான் கூட்டம் எங்கே நடக்கிறது என்றும் கேளுங்கள்.