ஒன்றுவிட்டு ஒரு சால்: பருத்திக்குத் தண்ணி பாதியாகுமா?

கரிசல்_காளை · இரவு 8.40
நேற்று தோட்டத் திரியில் ஈசூன்_பசுமை எழுதினது: "பருத்திக்கு ஒரு சாலை (தண்ணி ஓடுற பள்ளம்) விட்டு ஒரு சாலில் பாய்ச்சினா பாதித் தண்ணி மிச்சம்." கீழே வரிசையா விருப்பக்குறி வேற. பாதி மிச்சமாகாது. ஒரு ஏக்கரை 5 செ.மீ. ஆழத்துக்கு நனைக்க ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேணும். விநாடிக்கு 8 லிட்டர் தள்ளுற மோட்டார் 7 மணி நேரம் ஓடணும். சாலைப் பாதியாக்கினா மூணரை மணியில் முடிஞ்சிடும்னு உங்க நினைப்பு. கரிசல் காய்ஞ்சா வெடிக்கும். திறந்த சாலுக்குள்ள வந்த தண்ணி வெடிப்பு வழியாப் பக்கத்துச் சாலுக்கு நழுவும். மடையைத் திறந்து நின்னு பாருங்க, சால் கடைசி வரைக்கும் தண்ணி போய்ச் சேரவே எவ்வளவு நேரம் பிடிக்குதுன்னு. 5 மணி நேரம் ஓடிச்சுன்னா மிச்சம் 2 மணி. 28 சதவீதம். அது பாதியா?

ஈசூன்_பசுமை · இரவு 8.52
அண்ணே, சால் பாதி, தண்ணியும் பாதி. இதில் என்ன சண்டை? கரிசலை மட்டும் நான் சொல்லலை. செம்மண்ணில் வெடிப்பே கிடையாது. பின்னால அறிவியலும் இருக்கு: காய்ந்த பக்க வேரிலிருந்து அப்சிசிக் அமிலம்ங்கிற செடி ஹார்மோன் இலைக்குப் போகும், இலைத்துளை சுருங்கும், செடி தண்ணியைச் சிக்கனமாச் செலவழிக்கும். காய் பிடிப்பு குறையாது.

கரிசல்_காளை · இரவு 9.03
செம்மண்ணில் தண்ணி பக்கவாட்டில் அதிகம் பரவாது, கீழேதான் இறங்கும். பாருக்குப் பார் (சாலுக்கு நடுவில் இருக்கிற மேடு) 90 செ.மீ.ன்னா ஒரு பக்க வேருக்கு ஈரமே எட்டாது. சீக்கிரம் காயும், அடுத்த தண்ணியை முன்கூட்டியே விடணும். தடவை கூடினா பாதி எங்கே போச்சு? இன்னொண்ணு, விதைச்ச உடனே இப்படிப் பாய்ச்சினா முளைப்பு போச்சு. விதைப்புத் தண்ணியும் அதுக்கு அடுத்து விடுற உயிர்த்தண்ணியும் எல்லாச் சாலுக்கும் போகணும். பாரின் உச்சியிலிருந்து மூணில் ரெண்டு பங்கு கீழே, 3 செ.மீ. ஆழத்தில் ஊன்றின விதைக்கு ஈரம் தொட்டுக்கிட்டே இருக்கணும். பொருக்குத் தட்டினா முளை மேல வராது. வேர் பரவின பிறகுதான் சால் விட்டுச் சால். நீங்க எழுதினதில் இது ஒரு வரி கூட இல்லை.

மன்னார்குடி_மைந்தன் · இரவு 9.10
எந்தப் பாதி? ஒரு பாய்ச்சலுக்கா, முழுப் பருவத்துக்கா? இந்தத் தடவை விட்ட சாலை அடுத்த தடவை மாத்துறீங்களா, இல்லை ஒரே சாலா? அதை முதல்ல சொல்லுங்கப்பா.

ஈசூன்_பசுமை · இரவு 9.14
பாதின்னா பாதிதான்.

கரிசல்_காளை · இரவு 9.15
28.

மன்னார்குடி_மைந்தன் · இரவு 9.27
நெல் தரிசுப் பருத்திக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. சம்பா, தாளடி நெல் அறுத்த வயலில் உழவு இல்லாம 60-க்கு 30 செ.மீ. இடைவெளியில் ஊன்றுறோம். பார் ஏது, சால் ஏது? செடி நின்ன பிறகு மண் அணைச்சாத்தான் சாலே உருவாகும். டெல்டாவை மறந்துட்டு ரெண்டு பேரும் பேசுறீங்க.

ஜூரோங்_சொட்டு · இரவு 9.35
சொட்டுநீர் போட்டா இந்தச் சண்டையே கிடையாது. ரெண்டு வரிசைக்கு நடுவில் ஒரு குழாய், 60 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 4 லிட்டர். உரமும் அதிலேயே போகும்.

கரிசல்_காளை · இரவு 9.48
போடுங்க. உப்புத் தண்ணிக் கிணறுன்னா சொட்டுவான் வாயில் சுண்ணாம்பு கட்டும். வெள்ளையாப் பொடி ஒட்டியிருக்கும், நகத்தால சுரண்டினா உதிரும். அமிலம் விட்டுக் கழுவணும், வடிகட்டியைத் திறந்து அலசணும், குழாய்க் கடைசி மூடியைக் கழற்றி அழுக்கை வெளியேத்தணும். இதையெல்லாம் விட்டுட்டு 4 லிட்டர்னு எழுதினா, வரிசையில் பாதிச் செடி வாடி நிக்கும்.

ஜூரோங்_சொட்டு · இரவு 9.51
பராமரிக்கத் தெரியாதவங்களுக்குச் சொட்டுநீர் எதுக்கு?

ஈசூன்_பசுமை · இரவு 9.58
காளை அண்ணனுக்கு எல்லாத்திலும் குறைதான். போன மாசம் கோ 17 பருத்தி ரகத்தைப் பத்தி எழுதினப்பவும் இதேதான்.

கரிசல்_காளை · இரவு 10.12
எழுதினது தப்பு, அதனால சொன்னேன். கோ 17 குட்டைக் கிளை ரகம், 100-க்கு 10 செ.மீ.யில் ஏக்கருக்கு 40,000 செடி. நீங்க அதே நெருக்கத்தைப் படர்ந்து வளர்ற வீரிய ஒட்டு ரகத்துக்கும் சொன்னீங்க. 90-க்கு 60-ல் ஏக்கருக்கு 7,500 செடிதான் நிக்கும், அதுவே போதும். நெருக்கி வெச்சா உள்ளே வெளிச்சம் போகாது, அடிக்காய் அழுகும். சிங்கப்பூர் தேசியப் பூங்காக் கழகம் தர்ற 2.5 மீட்டர் நீளப் பாத்தியில் ரெண்டு செடி வெச்சுப் பார்த்துட்டு ஏக்கர் கணக்குச் சொல்லாதீங்க. அந்தப் பாத்தி 1 மீட்டர் அகலம். 90 செ.மீ. இடைவெளிக்கு அதில் ரெண்டாவது சாலே விழாது.

ஈசூன்_பசுமை · இரவு 10.15
பாத்தியை ஏன் இழுக்கிறீங்க? அது தனிப்பட்ட தாக்குதல். மட்டுறுத்துநர் கவனிக்கவும்.

தேக்கா_அக்கா · இரவு 10.22
தம்பிகளா, இங்கே தொட்டியில் பருத்தி வளர்க்கலாமா?

மன்னார்குடி_மைந்தன் · இரவு 10.26
அக்கா, பூக்கும், காய்க்கும். ஆனா வருசத்துக்கு 2,000 மி.மீ.க்கு மேல மழை பெய்யுற ஊர். வெடிக்கிற நேரத்தில் காய் நனைஞ்சா பஞ்சு கருத்து அழுகும். கூரைக்கு அடியில் வெயில் படுற இடமா வைங்க.

கரிசல்_காளை · இரவு 10.41
விசயத்துக்கு வாங்க. தண்ணியைக் குறைக்கிறதில் ஆபத்தான இடத்தை யாரும் தொடலை. சப்பையும் (பூமொட்டு) பூவும் பிடிக்கிற காலத்தில் நல்லாக் காயவிட்டு, பதறிப்போய்ச் சால் நிரம்ப விட்டா, காய் நிறைஞ்ச செடி மறுநாள் வெயிலில் அப்படியே தொங்கிடும். பூஞ்சண வாடலில் தண்டைப் பிளந்தா உள்ளே பழுப்புக் கோடு இருக்கும், இதில் இருக்காது. தண்ணியை உடனே வடிச்சு, கோபால்ட் குளோரைடு 10 லிட்டருக்கு 100 மில்லிகிராம் கலந்து அன்னைக்கே தெளிக்கணும். நாள் கடந்தா பலன் இல்லை. பாதி மிச்சம்னு நம்பிக் காயப்போடுறவன் வயலில்தான் இது வரும். முதல் காய்கள் வெடிக்க ஆரம்பிச்ச பிறகு நிறுத்துங்க, அப்போ மிச்சம் பிடிங்க.

ஈசூன்_பசுமை · இரவு 10.47
காயப்போடச் சொன்னது யாரு? சாலை மாத்தி மாத்தி விடச் சொன்னேன்.

மன்னார்குடி_மைந்தன் · இரவு 10.49
இப்போதான் மாத்தின்னு சொல்றீங்க. முதல் பதிவில் அது இல்லை.

ஈசூன்_பசுமை · இரவு 10.50
எல்லாருக்கும் தெரிஞ்சதை எழுதணுமா? சால் பாதி, தண்ணி பாதி.

ஜூரோங்_சொட்டு · இரவு 10.53
சொட்டுநீர்.

கரிசல்_காளை · இரவு 10.55
28. மோட்டார் ஓடின நேரத்தைக் குறிச்சு, இந்தப் பருவக் கணக்கை இங்கேயே போடுங்க, பார்ப்போம்.