பழைய டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் சீல் போனதைக் கண்டுபிடிப்பது: அனுபவப் பகிர்வு

யமஹா ஆர்எக்ஸ்100 புகைய ஆரம்பித்ததும் "போர் போச்சு", அதாவது சிலிண்டர் தேய்ந்துவிட்டது என்று பிஸ்டனை மாற்றிவிடுகிறார்கள். செலவு செய்த பிறகும் புகை நிற்பதில்லை. அந்த வண்டி 1985 முதல் 1996 வரை வந்தது. இன்று ஓடுவதில் எல்லாவற்றிலும் இளையதுகூட முப்பதைத் தொட்டுவிட்டது. கிராங்க் ஷாப்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். அதை மாற்றாத இன்ஜினில் அந்த ரப்பர் நகம் மாதிரி இறுகிப்போயிருக்கும். பிஸ்டனுக்குக் கை வைக்கும் முன் சீலைப் பாருங்கள்.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுழலும் அறையான கிராங்க் கேஸே ஒரு பம்பு. பிஸ்டன் மேலே போகும்போது கார்புரேட்டரிலிருந்து இழுக்கும், கீழே வரும்போது அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளும். கிராங்கின் இரண்டு முனையிலும் இருக்கிற சீல்தான் அந்த அறையை அடைத்து வைக்கிறது. ஆர்எக்ஸில் இடது சீலுக்கு வெளியே மின்சாரம் தரும் மேக்னட், அதைச் சுற்றி வெறும் காற்று. வலது சீலுக்கு வெளியே கிளச்சும் கியர் ஆயிலும். எந்தப் பக்கம் கிழிந்ததோ அதற்கேற்ற அடையாளம் வெளியே தெரியும்.

இடது பக்கம் போனால் காற்று உள்ளே இழுக்கப்பட்டு பெட்ரோல் கலவை மெலிந்துவிடும். ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் உடனே இறங்காது. ஏர் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் பெரிய மாற்றம் இருக்காது. சோக் போட்டால் மட்டும் ஒழுங்காக நிற்கும். பிளக் முனை வெளுத்திருக்கும். மேக்னட் கவரைக் கழற்றினால் காயில் பிளேட்டுக்குக் கீழே கருப்பாக எண்ணெய் ஈரம் படிந்திருக்கும். புகையே இல்லாததால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு பக்கத்தில் ஆபத்தானது இதுதான். இப்படியே நெடுஞ்சாலையில் முறுக்கினால் சூடேறிப் பிஸ்டன் ஜாம் ஆகும்.

வலது பக்கம் போனால் கியர் ஆயில் உள்ளே போய் எரியும். வெள்ளைப் புகை இன்ஜின் சூடான பிறகும் குறையாது, வாசனையும் டூ டி ஆயில் (பெட்ரோலோடு கலந்து எரியும் ஆயில்) வாசனையாக இருக்காது. பிளக் கருப்பாக நனைந்திருக்கும். வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் கியர் ஆயில் குறைந்துகொண்டே வரும். ஊற்றும்போது அளந்து ஊற்றி, 500 கிலோமீட்டர் கழித்து வடித்து அளந்தால் சந்தேகம் தீரும்.

*

மேலே எழுதிய அண்ணன் சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். வலது சீல் வழியாகப் போக்குவரத்து இரண்டு திசையிலும் நடக்கும். பிஸ்டன் இறங்கும்போது பெட்ரோல் கலவை கியர் பெட்டிக்குள் தள்ளப்படும். வடித்த ஆயிலை விரலில் தேய்த்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனையும் தண்ணீர் மாதிரி ஓட்டமும் இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. கியர் பெட்டியின் காற்றுக் குழாயில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி, மறுமுனையை ஒரு டம்ளர் தண்ணீரில் லேசாகத் தொடும்படி பிடியுங்கள். ஐடிலிங்கில் இன்ஜின் துடிப்போடு சேர்ந்து விடாமல் குமிழி வந்தால் சீல் போயிருக்கிறது. சூடாகும்போது காற்று விரிந்து முதலில் நாலைந்து குமிழி வருவது சாதாரணம். டம்ளரை எடுத்த பிறகே இன்ஜினை நிறுத்துங்கள்.

சீல் மாதிரியே வேஷம் போடும் கோளாறுகளும் இருக்கின்றன. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் மட்டும் தெருவை மூடும் அளவுக்குப் புகைந்து, பத்து நிமிடத்தில் தெளிந்தால், ஆயில் பம்பின் செக் வால்வு (நின்றிருக்கும்போது ஆயிலைத் தடுக்கும் வால்வு) வழியாக டூ டி ஆயில் மெல்ல இறங்கியிருக்கும். கியர் ஆயில் குறையாமல் கூடிக்கொண்டே போனால் ஆயில் பம்பின் ஷாப்ட் சீலைப் பாருங்கள். இடது சீல் மாதிரி ரேஸ் தொங்கினால், முதலில் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பரை மடக்கிப் பார்த்து வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். ஓடும் இன்ஜினில் அந்த இணைப்பைச் சுற்றிக் கிரீஸ் தடவும்போது ரேஸ் மாறினால் அங்கேதான் காற்று. மேக்னட் பக்கம் பெட்ரோல் பீய்ச்சிப் பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், தீப்பிடிக்கும்.

*

அறிகுறிகளை வைத்து ஊகிக்கலாம், உறுதி செய்வது காற்றழுத்தச் சோதனைதான். தனியாகக் கருவி வாங்க வேண்டியதில்லை. முள் வைத்த பழைய பிபி மெஷினின் பல்பும் மீட்டரும் போதும். அதில் 260 (மி.மீ. பாதரசம்) என்பது ஏறக்குறைய 5 பிஎஸ்ஐ, நமக்குத் தேவையான அழுத்தமும் அதுதான். கம்ப்ரஸர் குழாயை நேராக வைத்துவிடாதீர்கள். 10 பிஎஸ்ஐக்கு மேல் போனால் நல்ல சீலின் உதடும் பிதுங்கிவிடும்.

சைலன்சரைக் கழற்றி, சைக்கிள் டியூப் துண்டும் இரும்புத் தகடும் வைத்து அந்த வாயை மூடுங்கள். கார்புரேட்டரை எடுத்துவிட்டு, அந்த ரப்பரில் நடுவே குழாய் செருகிய ரப்பர் அடைப்பானை வைத்து கிளிப் போட்டு இறுக்குங்கள். ஆயில் பம்பிலிருந்து வரும் மெல்லிய குழாயைப் பிடுங்கி அந்த மூக்கையும் மூட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். மறந்துவிட்டு, இல்லாத ஒழுக்கைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பிளக் இறுக்கமாகவே இருக்கட்டும். பிஸ்டனைக் கீழே கொண்டுவந்து நிறுத்துங்கள். காற்றை இன்டேக் வழியாகவே அடிப்பது நல்லது. பிளக் துளையில் அடித்தால் ரீட் வால்வு (இன்டேக்கில் ஒரே திசையில் திறக்கும் தகடு) மூடிக்கொண்டு இன்டேக் ரப்பரின் வெடிப்பை மறைத்துவிடும்.

260 வரை ஏற்றிவிட்டுப் பாருங்கள். நல்ல இன்ஜினில் ஐந்து நிமிடத்தில் முள் கொஞ்சம்தான் நகரும். ஒரு நிமிடத்தில் 50 இறங்கினால் எங்கோ ஓட்டை. மேக்னட்டைக் கழற்றி இடது சீல், சிலிண்டர் அடி பேக்கிங், கேஸ் இரண்டும் சேரும் கோடு எல்லாவற்றிலும் சோப்பு நீர் தடவுங்கள். வலது சீலுக்கு, கியர் ஆயில் ஊற்றும் வாயில் சோப்புப் படலம் வையுங்கள், சீல் ஒழுகினால் அது உப்பும். கிராங்கைக் கால் கால் சுற்றாகத் திருப்பி மீண்டும் பாருங்கள். ஷாப்டில் ஒரு பக்கம் மட்டும் கீறல் இருந்தால் ஒரு நிலையில்தான் காட்டும்.

அழுத்தத்தில் தாங்கும் சீல் இழுப்பில் விடுவதும் உண்டு. உள்ளே அழுத்தம் ஏறினால் உதடு ஷாப்டோடு ஒட்டும், இழுக்கும்போது விலகும். வேக்குவம் பம்பு கையில் இருந்தால் இன்டேக்கை மூடிவிட்டு பிளக் துளை வழியாக அதையும் செய்துவிடுங்கள்.

*

நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் புகையையும் ஒழுக்கையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்ட தம்பிக்கு: ஸ்ப்ளெண்டர், சிடி100 வகையில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து அடங்கினால், அல்லது நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி இறங்கிவிட்டு மறுபடி திருகும்போது புகைந்தால், வால்வு சீல் அல்லது கைடு (வால்வு ஓடும் குழாய்). முறுக்க முறுக்கப் புகைந்தால் பிஸ்டன் ரிங். பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டுக் கம்ப்ரஷன் பாருங்கள், கூடினால் ரிங் என்பது உறுதி. வெளி ஒழுக்குக்கு, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் காயவைத்து, முகப்பவுடர் தூவிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஈரக் கோடு தொடங்கும் இடம்தான் மூலம். கியர் லீவர் ஷாப்ட், முன் பற்சக்கரத்துக்குப் பின்னால், கிக்கர் ஷாப்ட், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் ஒழுகினால் சீலைக் குறை சொல்லாதீர்கள், பிரீதர் குழாய் (இன்ஜினின் காற்றுக் குழாய்) அடைத்திருக்கும்.

பழைய புல்லட்டில் பிரைமரி செயின் கேஸில் (கிராங்கையும் கிளச்சையும் இணைக்கும் செயின் இருக்கும் பெட்டி) ஆயில் தானாகக் கூடினால் இடது கிராங்க் சீல். மாதக்கணக்கில் நின்ற பிறகு முதல் ஸ்டார்ட்டில் வரும் புகை, நின்றிருந்தபோது ஆயில் கிராங்க் கேஸுக்குள் இறங்கியதால். ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு லெவல் பாருங்கள்.

*

மாட்டும் முறை சரியில்லாததால்தான் புதுச் சீல் மூன்று மாதத்தில் போகிறது. எடுப்பதற்கு முன்பே கிராங்க் முனையை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கைக்குத் தெரிந்தால் பேரிங் போய்விட்டது, எந்தக் கம்பெனி சீல் போட்டாலும் நிற்காது. கேஸைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். சில இன்ஜின்களில் சீலின் வெளிவட்டத்தில் ஒரு விளிம்பு இருக்கும், அதுவும் கேஸைப் பிரிக்காமல் வராது. பார்ட்ஸ் புக் படத்தைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வெளியிலிருந்து எடுக்க முடிகிற சீல் என்றால், அது எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வெர்னியரில் குறித்துக்கொள்ளுங்கள். சீல் முகத்தில் 2 மி.மீ. துளை போட்டு, ஸ்க்ரூ ஏற்றி, பிளையரால் இழுங்கள். டிரில் முனையில் கிரீஸ் தடவினால் தூள் உள்ளே விழாது. முகத் தகட்டைத் தாண்டி இறங்கிவிட்டால் பேரிங்கில் இடிக்கும், கவனம்.

ஷாப்டில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுச் சீலை ஒரு மி.மீ. முன்பின்னாக உட்கார வையுங்கள், உதடு புது இடத்தில் ஓடும். பேரிங்குக்கு ஆயில் போகும் துளையை மட்டும் மறைத்துவிடக் கூடாது. மெல்லிய எமரியைச் சுற்றுவட்டமாக மட்டும் தேய்க்க வேண்டும், நீளவாக்கில் தேய்த்த கோடு ஒவ்வொன்றும் ஆயிலுக்கு வாய்க்கால்.

சீலில் 25 40 8 என்று இருந்தால் ஷாப்ட், துளை, தடிமன் என்று வரிசை. அளவு பொருந்தினால் மட்டும் போதாது. ஸ்பிரிங் தெரியும் பக்கம் கிராங்க் கேஸைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் வைத்து, ஷாப்டில் சாவி (கீ) உட்காரும் குழியின் மேல் செலோ டேப் சுற்றி நுழையுங்கள். அந்தக் கூர்விளிம்பு உதட்டைக் கீறினால் அன்றைக்கே போச்சு. வெளிவட்டத்தைவிடச் சற்றே சிறிய சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் போடுகிற இந்தக் காலத்தில் வைட்டான் (எரிபொருளைத் தாங்கும் ரப்பர்) சீல் கிடைத்தால் அதையே வாங்கலாம்.

மாட்டியதும் கார்புரேட்டரை ஒருமுறை பாருங்கள். சீல் ஒழுகியபோது அதற்கு ஈடுகட்ட யாராவது பெரிய ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) போட்டிருப்பார்கள், ஏர் ஸ்க்ரூவையும் மாற்றியிருப்பார்கள். இரண்டையும் கம்பெனி அளவுக்குக் கொண்டுவராவிட்டால் வண்டி திணறும், புகையும், புதுச் சீல் மேல் பழி விழும்.