கோயிலில் அரசு எதுவரை? செயல் அலுவலர், தக்கார், நிலம்: ஒரு விவாதம்

கீழமாசிவீதி:
கோயில் பணத்தில் திருமண மண்டபம் கட்டும் அரசாணைகளை 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்துவிட்டது. எல்லாரும் மண்டபத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பணத்தைச் செலவழிக்க முடிவெடுப்பது யார் என்பதுதான் என் கவலை. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி ஒரு கோயிலுக்கு 3 முதல் 5 அறங்காவலர்கள் இருக்க வேண்டும், பதவிக்காலம் 2 ஆண்டு. அந்த இடம் காலியாகக் கிடந்தால், அறங்காவலர் வரும்வரை பொறுப்பைப் பார்க்கத் தக்காரைப் போடுகிறார்கள். தக்கார் பெரும்பாலும் அறநிலையத் துறை அதிகாரியே. கோயிலை நடத்தத் துறை நியமித்த செயல் அலுவலர் கோப்பு எழுதுகிறார், தக்கார் தீர்மானம் போடுகிறார், இணை ஆணையர் பரிந்துரைக்கிறார், ஆணையர் அனுமதி கொடுக்கிறார். நாலு கையெழுத்தும் ஒரே துறை. "வேண்டாம்" என்று சொல்லும் இடத்தில் பக்தர் ஒருவர்கூட இல்லை.

சிதம்பரம் நடராசர் கோயில் நிர்வாகம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது: சீர்கேட்டைச் சரிசெய்ய அரசு நிர்வாகத்தை எடுக்கலாம், சரியானதும் திருப்பிக் கொடுக்க வேண்டும். 2015 விதிகளும் செயல் அலுவலர் நியமனம் ஒரு தடவைக்கு 5 ஆண்டைத் தாண்டக்கூடாது என்கின்றன. நடைமுறையில் அது நிரந்தரப் பதவி போலவே ஓடுகிறது.

வைகைக்கரை:
அண்ணே, துறை ஏன் வந்தது என்பதை விட்டுவிட்டீர்கள். நீதிக்கட்சி ஆட்சி 1925-ல் சட்டம் கொண்டுவந்ததே பரம்பரை நிர்வாகங்கள் நிலத்தைத் தின்றதால்தான். நம் ஊரையே பாருங்கள். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தபோது மீனாட்சி கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு துணை நின்றார். உள்ளே எதிர்ப்பு எவ்வளவு இருந்தது என்று ஊருக்கே தெரியும். நிர்வாகம் முழுக்க பரம்பரைக்காரர் கையில் இருந்திருந்தால் அந்தக் கதவு அன்று திறந்திருக்குமா?

வருமானமே இல்லாத ஊர்க் கோயில்களையும் எண்ணிப் பாருங்கள். ஒருகால பூஜைத் திட்டத்தில் போட்ட வைப்பு நிதியின் வட்டியில்தான் பல இடங்களில் விளக்கு எரிகிறது.

கீழமாசிவீதி:
ஆலயப் பிரவேசத்தைத் தொடவே மாட்டேன். அது கோயிலை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட அரசியலமைப்பு 25(2)(ஆ) அரசுக்குத் தரும் அதிகாரம். துறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்தக் கோயிலும் யாரையும் சாதி சொல்லித் தடுக்க முடியாது. நுழைவுரிமையைக் காப்பது ஒரு வேலை, உண்டியலை நிர்வகிப்பது வேறு வேலை. அதே 1925-ல்தான் சீக்கியர்களுக்கும் குருத்வாரா சட்டம் வந்தது. அங்கே நிர்வாகம் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவின் கையில். உத்தரகாண்டில் கோயில்களை அரசு வாரியத்தின் கீழ் வைக்க 2019-ல் கொண்டுவந்த தேவஸ்தான வாரியச் சட்டத்தை 2021-லேயே திரும்பப் பெற்றார்கள். அதனால் கேதாரமும் பத்ரியும் பாழாகிவிடவில்லை.

92-ஆம் பிரிவுப்படி கோயில் வருமானத்தில் 12 சதவீதம் வரை துறைக்கு, தணிக்கைக்கு மேலும் 4 சதவீதம். நிர்வகிப்பதும் துறை, தணிக்கையும் அரசின் பிரிவு. வெளித் தணிக்கையாளர் வரட்டும், அறிக்கை கோயில் வாசலில் ஒட்டப்படட்டும்.

வைகைக்கரை:
வக்பு வாரியமும் பங்குத்தொகை வாங்குகிறது, 2025 திருத்தத்தில் 7-லிருந்து 5 சதவீதம் ஆனது. ஆகவே இந்துக் கோயிலுக்கு மட்டும் என்ற பேச்சு முழு உண்மையல்ல. வெளித் தணிக்கையில் எனக்கு மறுப்பில்லை. நிர்வாகத்தை விடுவதில்தான் மறுப்பு. நிலம் போய்விடும்.

திருமங்கலம் வக்கீல்:
நிலம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. வேலியை உடைத்துப் போவது குறைவு, காகிதத்தில் போவதே அதிகம். முதல் இடம், மானியமாக விட்ட நிலங்களைப் பற்றிய சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் (1963). கோயில் ஊழியம் செய்பவருக்காக விட்ட மானிய நிலத்துக்கு அப்போது பட்டா யார் பெயரில் ஏறியது என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, 1979-ல் தொடங்கிய யுடிஆர், அதாவது நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டம். சாமி பெயருக்குப் பதில் பூசாரி பெயரோ அனுபவதாரர் பெயரோ பட்டாவில் ஏறும். அடுத்த தலைமுறை அதை வாரிசுச் சொத்து என்று விற்கும்.

மீட்க வேண்டுமென்றால் 29-ஆம் பிரிவுச் சொத்துப் பதிவேட்டை எடுத்து, இனாம் பதிவேடு, செட்டில்மென்ட் பதிவேடு, யுடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேடு (கிராம நில விவரப் பதிவேடு), இன்றைய பட்டா என்று வரிசையாக ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் புல எண். பழைய எண் உட்பிரிவாகி வேறு எண்ணாகியிருக்கும், இரண்டையும் இணைக்கும் பதிவு இல்லாமல் மனு போட்டால் நிராகரிப்புதான். பட்டாவைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனு, மேற்கொண்டு பத்திரம் பதியாமல் தடுக்க பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவைக் காட்டிச் சார்பதிவாளருக்குக் கடிதம், ஆக்கிரமிப்பை அகற்ற 78-ஆம் பிரிவில் இணை ஆணையரிடம் மனு. பட்டா திருத்தம் முடியாமல் 78-க்குப் போனால், எதிர்த்தரப்பு பட்டாவை நீட்டுவார், வழக்கு உரிமையியல் நீதிமன்றம் போய் இழுக்கும். கால வரம்புச் சட்டம் மட்டும் கோயிலுக்கு எதிராக நிற்காது, 109-ஆம் பிரிவு காக்கிறது.

கீழமாசிவீதி:
இதைத்தான் சொல்கிறேன். இந்த ஒப்பீட்டைச் செய்ய அந்த ஊர் மண்ணைத் தெரிந்த ஆள் வேண்டும். பல கோயில்களை ஒன்றாகச் சுமந்து, இடமாறுதலுக்குக் காத்திருக்கும் அலுவலருக்கு எந்த வரப்பு எங்கே இருந்தது என்று எப்படித் தெரியும்?

2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. கல்மண்டபத்துக்குள் கடைகள், கடைக்குள் எரியும் சரக்கு. கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென விரியும், கல் தன்னாலேயே பிளக்கும். வாடகை வரவாகத் தெரிந்தது, தூண் யார் கண்ணிலும் படவில்லை.

வைகைக்கரை:
மண் தெரிந்த அதே ஊர்க்காரர்தான் பல இடங்களில் ஆக்கிரமிப்பாளரும். அறங்காவலரின் மச்சானுக்கு 78-ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுப்பது யார்?

கீழமாசிவீதி:
நியாயமான கேள்வி. 34-ஆம் பிரிவு இருக்கட்டும்: விற்பனை, அடமானம், 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதற்கும் ஆணையர் அனுமதி தேவை. 78-உம் துறையிடமே இருக்கட்டும். தவறு செய்த அறங்காவலரை நீக்கும் அதிகாரமும் இருக்கட்டும். காவல் அரசிடம், நிர்வாகம் பக்தரிடம். நான் கேட்பது அவ்வளவே.

திருமங்கலம் வக்கீல்:
அப்படியானால் முதல் அடி தகவல் உரிமை மனு. 10 ரூபாய் கட்டணம், இணை ஆணையர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு. செயல் அலுவலர் நியமன ஆணையின் நகல், அதில் சொன்ன காரணம், கால அளவு மூன்றையும் கேளுங்கள். "ஏன் நியமித்தீர்கள்" என்று கேட்டால் பதில் வராது, ஆவண நகலைக் கேட்டால் 30 நாளில் தந்தாக வேண்டும்.

வைகைக்கரை:
அதே மனுவில் 29-ஆம் பிரிவுப் பதிவேட்டின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள் அண்ணே. அந்த வரிக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.