பூட்டிப் போடும் வீட்டில் கீசர் தண்ணியை முழுசா வடிப்பது எப்படி?

பள்ளத்தூர் ஆச்சி

ஆவணிக் கடைசியில் வீட்டைப் பூட்டினால் தை மாசம் செவ்வாய்ப் பொங்கலுக்குத்தான் திறப்போம். இரண்டாம் கட்டை ஒட்டின குளியலறையில் 25 லிட்டர் கீசர் இருக்கு. நிமிர்ந்த மாடல், உள்ளே கிளாஸ் லைனிங் (எனாமல் பூச்சு) போட்ட இரும்புத் தொட்டி. போர் தண்ணி, நல்ல உப்பு. கீசருக்குக் கீழே உள்ள ஆங்கிள் வால்வை மூடிவிட்டு வெந்நீர்ப் பக்கம் திறந்தால் கொஞ்சம் கொட்டி நின்றுவிடுது. ஆனால் தட்டிப் பார்த்தால் நிறைஞ்ச தொட்டி மாதிரியே சத்தம். காலியாச்சா இல்லையா? இணையத்தில் தேடினால் கேரவன் வண்டி கீசரைக் குளிர்காலத்துக்கு வடிக்கிற வீடியோவாகவே வருது. பிங்க் கலரில் ஏதோ மருந்து வேற ஊத்துறாங்க. அதெல்லாம் நமக்கும் வேணுமா?

காரைக்குடி பிளம்பிங்

ஆச்சி, காலியாகலை. குழாயில் இருந்த தண்ணிதான் வந்திருக்கு, தொட்டி அப்படியே நிறைஞ்சு நிக்குது.

சூடான தண்ணி மேலேதான் நிற்கும். அதனால் சிவப்பு வளையம் போட்ட குழாய் தொட்டிக்குள்ளே உச்சி வரைக்கும் போகும். நீல வளையம் போட்ட பச்சைத்தண்ணிக் குழாய் அடியிலேயே முடிஞ்சுடும். கீழேயிருந்து தண்ணி தள்ளினால்தான் மேலேயிருந்து வெந்நீர் வழியும். வால்வை மூடினதும் தள்ள ஆளில்லை, அதோடு நின்றுபோகும். ஆக, தொட்டியை நீலப் பக்கமாகத்தான் வடிக்கணும். சிவப்புப் பக்கம் காற்று உள்ளே போகிற வழி, அவ்வளவுதான்.

முதலில் எம்.சி.பி.யை (போர்டில் கீசருக்கான டிரிப் சுவிட்ச்) இறக்கி, 16 ஆம்ப் பிளக்கையும் பிடுங்கிடுங்க. அப்புறம் ஒரு பத்து நிமிஷம் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கிற சூட்டை வெளியேத்துங்க. 60 டிகிரி தண்ணி கையில் பட்டால் தோல் உரிஞ்சுடும். இப்போ ஆங்கிள் வால்வை மூடுங்க. மிக்ஸரில், அதாவது வெந்நீரும் பச்சைத்தண்ணியும் கலந்து வரும் குழாயில், வெந்நீர்ப் பக்கத்தை மட்டும் முழுசா திறங்க, பச்சைத்தண்ணிப் பக்கம் இறுக்கமா மூடியிருக்கணும். பல பேர் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டு பக்கமும் திறந்திருந்தால் மேல்தொட்டித் தண்ணி மிக்ஸர் வழியா வெந்நீர் லைனில் ஏறி, நீங்க வடிக்க வடிக்கத் தொட்டி திரும்ப நிறையும். சிங்கிள் லீவர் மிக்ஸர்னா கைப்பிடியை வெந்நீர்ப் பக்கக் கோடிக்குத் தள்ளி வைங்க. சந்தேகமா இருந்தால் அந்தக் குளியலறைக்கு வரும் மெயின் வால்வையே மூடிடுங்க.

நீலப் பக்கத்தில் பித்தளையில் ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். தண்ணி திரும்பி ஓடாமல் தடுப்பதும் அதுதான், உள்ளே அழுத்தம் ஏறினால் திறந்துவிடுவதும் அதுதான். பெரும்பாலும் அதன்மேல் 8 பார் அல்லது 0.8 எம்.பி.ஏ என்று பொறிச்சிருக்கும். சின்ன லீவர் இருந்தால் அதன் மூக்கில் ஒரு டியூபை மாட்டி, நுனியைத் தரை ஜாலியில் விட்டு, லீவரைத் தூக்கி நிறுத்துங்க. மெதுவாத்தான் வடியும், பொறுமையா விடுங்க.

லீவர் இல்லைன்னா, அல்லது உப்பு பிடிச்சு அசையலைன்னா, வால்வையே கழற்றணும். கீழே இருக்கிற ஹோஸை மட்டும் கழற்றினால் ஒரு சொட்டும் வராது, மேலே இருக்கிற வால்வு தடுத்துடும். ஒரு ஸ்பேனரால் தொட்டி நிப்பிளை (தொட்டியிலிருந்து நீட்டிக்கிட்டிருக்கிற மரைக்குழாய்) பிடிச்சுக்கிட்டு, இன்னொன்றால் வால்வைத் திருகுங்க. பிடிக்காமல் திருகினால் நிப்பிளே சேர்ந்து சுத்தித் தொட்டியோட ஒட்டு விட்டுப்போகும், அப்புறம் கீசரே போச்சு. 25 லிட்டர் ஒரு பக்கெட்டில் அடங்காது, இரண்டு வைங்க.

தண்ணி வடியும்போது மிக்ஸர் வாயில் காற்றை உறிஞ்சுகிற சத்தம் கேட்கணும். கேட்டால் சரி. தண்ணி விட்டு விட்டு வந்தால் காற்று போகலைன்னு அர்த்தம், உடனே நிறுத்தி வெந்நீர்ப் பக்கம் திறந்திருக்கான்னு பாருங்க. கிளாஸ் லைனிங் தொட்டி கெட்டியான இரும்பு, தாங்கும். பழைய மெல்லிய செப்புத் தொட்டியாக இருந்தால் உள்ளே வெற்றிடம் விழுந்து ஒடுங்கிடும்.

வடிஞ்ச பிறகு ஆங்கிள் வால்வைத் திறந்து மூணு நாலு லிட்டர் உள்ளே விட்டுத் திரும்ப வடிங்க. முதல் தடவை வெள்ளையா, மணல் மாதிரி கொட்டும். தெளிஞ்சு வரும்வரை செய்யணும். வால்வைக் கழற்றி வடிச்சிருந்தால் ஒவ்வொரு தடவையும் திரும்ப மாட்டணும். அப்போ ஒரு தடவை அலசினாலே போதும்.

கேரவன் விஷயம் வேற. அங்கே தண்ணி உறைஞ்சால் ஏறக்குறைய 9 சதவீதம் விரிஞ்சு தொட்டியையே பிளந்துடும், அதுக்காக வடிக்கிறாங்க. அந்தப் பிங்க் மருந்தும் குழாய்களுக்குத்தான், கீசரை பைபாஸ் பண்ணிட்டுத்தான் விடுவாங்க. நம்ம ஊரில் எதுவும் உறையப் போறதில்லை. நமக்கு எதிரி உப்பும், தேங்கின தண்ணியும்தான்.

தேவகோட்டை எலக்ட்ரிக்கல்

அண்ணன் சொன்ன வரிசை சரி. ஆனால் பூட்டுகிற எல்லா வீட்டுக்கும் வடிக்கணும்னு எடுத்துக்க வேண்டாம். கிளாஸ் லைனிங் தொட்டிக்குள்ளே ஒரு மெக்னீசியம் ராடு இருக்கும். எனாமல் விட்டுப்போன இடத்தில் இரும்பு துருப்பிடிக்காமல், அதுக்குப் பதிலா தான் கரையும். அது தண்ணிக்குள்ளே இருந்தால்தான் வேலை செய்யும். வடிச்ச தொட்டியில் ஈரமும் காற்றும் மட்டும் இருக்கும், ராடு சும்மா தொங்கும். ஒரு மாசம், ஒன்றரை மாசம்னா நிறைச்சே வைங்க. கரண்டை எடுத்து, உள்வரும் வால்வை மூடினால் போதும். ஆச்சி நாலஞ்சு மாசம் பூட்டுறாங்க, அதுக்கு வடிப்பதுதான் நல்லது. தேங்கின தண்ணியில் வளரும் கிருமி மெக்னீசியத்தோட சேர்ந்தால் அழுகின முட்டை நாத்தம் வரும்.

வடிச்ச கீசருக்குப் பெரிய ஆபத்து சுவிட்ச்தான். ஐப்பசி மழையில் வீட்டைத் திறந்து பார்க்க வருபவர், கூட்டிப் பெருக்க வருபவர், யாராவது தெரியாமல் போட்டுவிட்டால் எலிமென்ட் தண்ணி இல்லாமல் காய்ந்து சில நிமிஷத்தில் எரிஞ்சுடும். தெர்மோஸ்டாட் இருக்கே, காப்பாத்தும்னு நம்ப வேண்டாம். பிளக்கைச் சுருட்டிக் கீசர் மேலேயே கட்டி, "உள்ளே தண்ணி இல்லை" என்று அட்டையில் எழுதி ஒட்டுங்க.

இன்னொன்று. சேஃப்டி வால்வோட மூக்கைத் துணியாலோ மரக்கட்டையாலோ அடைக்கக் கூடாது. குளவி மண்கூடு கட்டும்னு பயந்தால் கொசுவலைத் துண்டை ரப்பர் பேண்டால் கட்டுங்க, வந்ததும் எடுத்துடுங்க. அது அடைஞ்சிருந்தால் தொட்டியில் ஏறுகிற அழுத்தத்துக்கு வெளியே போக வழியில்லை.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பிகளுக்கு நன்றி. தையில் வந்ததும் எந்த வரிசையில் திறக்கணும்? இந்த உப்புக்கு ஆசிட் விட்டுக் கழுவலாம்னு ஒருத்தர் சொல்றார், செய்யலாமா?

காரைக்குடி பிளம்பிங்

கழிவறை ஆசிட் வேண்டவே வேண்டாம் ஆச்சி. எலிமென்ட்டோட செப்பு உறையையும் தொட்டி ஒட்டுகளையும் தின்னுடும். உப்பு ரொம்ப இருந்தால் ஃபிளாஞ்சை (எலிமென்ட் பூட்டியிருக்கிற மூடித்தட்டு) திறந்து எலிமென்ட்டை வெளியே எடுத்து, வெதுவெதுப்பான ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து ஊற வைக்கணும். வயர் முனைகளில் நனையக் கூடாது. நுரை அடங்கினதும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ச்சாலே வந்துடும், கத்தியால் சுரண்ட வேண்டாம். திறந்தபோதே மெக்னீசியம் ராடையும் பாருங்க. நடுக்கம்பி தெரிஞ்சால் மாத்திடணும். ஃபிளாஞ்ச் ரப்பர் கேஸ்கெட்டும் புதுசு போடுங்க, பழசு திரும்ப அமராது. உப்பு படிஞ்சாலும் தண்ணி சூடாகத்தான் செய்யும், அதனால் பலருக்குத் தெரியாது. எலிமென்ட்தான் உள்ளுக்குள் அதிகமா காய்ந்து சீக்கிரம் போகும். கொதிக்கிற மாதிரி படபடன்னு சத்தம் வந்தால் அதுதான் அடையாளம்.

தையில் வந்ததும் முதலில் மேல்தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணி ஏத்துங்க. மூக்கில் கட்டின வலையை எடுங்க. லீவரை இறக்கி, அல்லது கழற்றின வால்வுக்குப் புது டெஃப்லான் டேப் சுத்தி மாட்டி, வெந்நீர்ப் பக்கம் திறந்தபடியே ஆங்கிள் வால்வைத் திறங்க. முதலில் புஸ்புஸ்ன்னு காற்று வரும், அப்புறம் விட்டு விட்டுத் தண்ணி, கடைசியில் சீராக விழும். சீராக விழுந்த பிறகும் ரெண்டு நிமிஷம் ஓடட்டும். மூட்டுகளில் காஞ்ச துணியை ஓட்டி ஈரம் இருக்கான்னு பாருங்க. அதுக்கப்புறம்தான் பிளக்.

கிருமி இருந்தால் சாகட்டும்னு முதல் தடவை தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைங்க. 2 கிலோவாட் எலிமென்ட் 25 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக அரை மணிக்குக் கிட்ட ஆகும். ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, அந்தத் தண்ணியை ஷவர் வரைக்கும் எல்லா வெந்நீர் வாயிலும் ஓடவிடுங்க. ஷவரைத் திறந்ததும் அந்த ஆவியை மூச்சில் இழுக்காமல் வெளியே வந்துடுங்க. அடுத்த தடவை நிறைகிற தண்ணியில் குளிக்கலாம். அப்புறம் 55க்கு இறக்கிடுங்க, அதுக்கு மேலே போகப் போக உப்பு அதிகமா படியும்.

லீவரைத் தூக்கி வடிச்சிருந்தால் திரும்ப இறக்கும்போது சில வால்வு முழுசா அமராமல் சொட்டும். ரெண்டு மூணு தடவை தூக்கி விட்டுப் பாருங்க, சீட்டில் மாட்டின உப்புத் துணுக்கு அடிச்சுக்கிட்டுப் போயிடும். அப்பவும் சொட்டினால் வால்வை மாத்துங்க. அரை இஞ்சு, 8 பார் என்று கேட்டு வாங்கணும், அம்புக்குறி தொட்டியைப் பார்த்து இருக்கணும்.